சுவரில் எழுதியதை வாசிப்பது யார்?

பொதுக்காலம் 20ஆம் வாரத்தின் புதன்கிழமையன்று, முதலாம் ஆண்டுக்குரிய முதல் வாசகமாக, மரங்கள் தங்களுக்கு ஓர் அரசனைத் தேடிப் புறப்பட்ட கதையை நாம் திருப்பலியில் கேட்கிறோம் (நீதித்தலைவர்கள் 9:6-15). அன்றைய நற்செய்தி திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமை. ஆகவே மறையுரை பெரும்பாலும் அந்தப் பக்கமே போய்விடுகிறது. மரங்களின் கதை வாசக மேடையிலேயே தங்கிவிடுகிறது.

அது தங்கிவிட வேண்டிய கதை அல்ல. கிதியோனின் மகன் அபிமெலக்கு, தன் சகோதரர்களை ஒரே கல்லின் மேல் வைத்துக் கொன்றுவிட்டுச் செக்கேமில் அரசனாகிறான். ஒளிந்துகொண்டதால் உயிர் தப்பிய இளைய மகன் யோத்தாம், கெரிசிம் மலையின் உச்சியில் ஏறி நின்று உரத்த குரலில் ஒரு கதை சொல்கிறான். ஒலிவ மரம் தன் எண்ணெயை விட்டுவிட்டு அரசாள வர மறுக்கிறது. அத்தி மரம் தன் இனிமையை விட மறுக்கிறது. திராட்சைக் கொடியும் அப்படியே. கடைசியில் முட்புதர் ஒப்புக்கொள்கிறது. என் நிழலில் வந்து தங்குங்கள், வராவிட்டால் என்னிடமிருந்து தீ கிளம்பி லெபனோனின் கேதுரு மரங்களையும் எரித்துவிடும் என்கிறது. முட்புதருக்கு ஏது நிழல்? கேட்டவர்களுக்குப் புரிந்திருக்கும். சொல்லி முடித்த யோத்தாம் அங்கிருந்து ஓடிப்போகிறான்.

நல்லவர்கள் ஒதுங்கினால் முட்புதர்தான் அரசாளும் என்பதே இக்கதைக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பொருள். அது சரிதான். ஆனால் அதே அதிகாரத்தின் நான்காம் வசனத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. கொலைக்கு ஆள் சேர்க்க அபிமெலக்குக்குக் கொடுக்கப்பட்ட எழுபது வெள்ளிக்காசும் பாகால்பெரித்தின் கோவிலிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது. முட்புதரை அரியணை ஏற்றிய கூலிப்படைக்குச் சம்பளம் கொடுத்தது கோவில் பணம்! அரசியலைப் பற்றிச் சொல்லப்பட்ட மிகப் பழைய உருவகக் கதைகளில் ஒன்றின் பின்னணியிலேயே கோவிலின் பங்கும் இருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இந்தக் கேள்வியை இப்போது எழுப்பக் காரணம், ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டிலிருந்து வரும் செய்திகள். 2025 அக்டோபரில் அந்நாட்டின் முட்டாரே நகரில் கூடிய ஆளுங்கட்சியான ஜானு பி.எஃப். மாநாடு, அரசுத்தலைவர் எம்மர்சன் மனங்காக்வாவின் பதவிக்காலத்தை 2028-லிருந்து 2030 வரை நீட்டிப்பதற்கான பணிகளைத் தொடங்குமாறு தீர்மானித்தது. 2024-ல் புலவாயோவில் நடந்த மாநாட்டிலும் இதே கருத்துதான். 2013-ல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நிறைவேறிய அந்நாட்டு அரசியல் சட்டமோ, ஒருவருக்கு ஐந்து ஆண்டுகள் வீதம் இரண்டு முறைதான் என்கிறது. அதோடு நிற்கவில்லை. காலவரம்பை யாராவது பிற்காலத்தில் நீட்டினால், ஏற்கெனவே அப்பதவியில் இருந்தவருக்கு அந்த நீட்டிப்பு பயன்படாது என்றும் எழுதி வைத்திருக்கிறது. சுவரில் எழுதியதை யாராவது இரவோடு இரவாக மாற்றுவார்கள் என்று எதிர்பார்த்தே எழுதியவர்கள் போலும்! அவர்கள் எந்தச் சுவரை நினைத்திருப்பார்கள் என்பது ஒரு பழைய கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கதை ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 'விலங்குப் பண்ணை'. க.நா. சுப்ரமணியத்தின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் கிடைக்கிறது. ஒரு குடிகார முதலாளியை விரட்டிவிட்டு விலங்குகள் பண்ணையைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்கின்றன. எல்லா விலங்குகளும் சமம் என்ற அடிப்படையில் ஏழு கட்டளைகளைச் சுவரில் எழுதுகின்றன. படிப்படியாகப் பன்றிகள் புதிய முதலாளிகள் ஆகின்றன. பள்ளிப் பிள்ளைகளும் ஓர் ஞாயிறு பிற்பகலில் படித்து முடித்துவிடக்கூடிய சிறிய நூல்தான்.

ஆர்வெலின் இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். 1903-ல் நம் பீகார் மாநிலத்தின் மோதிஹாரியில் பிறந்தவர். 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஆங்கிலேய அரசின் காவல்துறை அதிகாரியாக இருந்தவர். அதாவது, அதிகாரத்தை முதலில் தடியின் கைப்பிடிப் பக்கத்திலிருந்து பார்த்தவர். பின்னர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசின் தரப்பில் போரிட்டுத் தொண்டையில் குண்டடி பட்டவர். அங்கே தன் தோழர்களையே மாஸ்கோவின் ஆதரவாளர்கள் வேட்டையாடியதைக் கண்டார். கடைசி வரை தன்னைச் சோசலிசவாதி என்றே சொல்லிக்கொண்டார். கத்தோலிக்கத் திருச்சபைக்கு அவர் நண்பர் அல்லர். நம்மைப் பற்றிக் கசப்பாகவே எழுதியிருக்கிறார். நண்பர்கள் சொல்லத் தயங்குவதைச் சில வேளைகளில் இப்படிப்பட்டவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

1944-ல் நூலை வெளியிட ஆள் கிடைக்கவில்லை. அப்போது ஸ்டாலினின் ரஷ்யா பிரிட்டனுக்குப் போர்க்கூட்டாளி. மறுத்தவர்களில் ஒருவர், ஃபேபர் பதிப்பகத்தில் இருந்த புகழ்பெற்ற கவிஞர் டி.எஸ். எலியட். பன்றிகள்தானே மற்ற விலங்குகளைவிட அறிவுள்ளவை, பண்ணையை நடத்தத் தகுதியுள்ளவையும் அவைதான், ஆகவே தேவைப்படுவது பொதுநல எண்ணம் கொண்ட பன்றிகள் என்ற கருத்தில் அவர் கடிதம் எழுதினார். இன்று நம்மில் பலரும், பங்குப் பேரவைத் தேர்தலிலிருந்து பாராளுமன்றத் தேர்தல் வரை, எலியட்டின் கட்சியில்தான் இருக்கிறோம். ஆள் நல்லவராக இருந்தால் போதும் என்கிறோம். ஆர்வெல் அப்படி நினைக்கவில்லை. 1945 ஆகஸ்டில் நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தில், கதையின் திருப்புமுனை எது என்று தெளிவாகச் சொன்னார். நாய்கள் பாய்ந்து வந்த இடம் அல்ல, கொலைகள் நடந்த இடமும் அல்ல. பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்ட இடம்தான் அது. மற்ற விலங்குகள் அன்று எதிர்த்து நின்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பது அவர் எண்ணம்.

பால் காணாமற்போனது புரட்சி நடந்த முதல் நாளிலேயே! அறுவடைக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினால் வாளிகள் காலி. பிறகு மரத்தடியில் உதிர்ந்த ஆப்பிள்கள். ஸ்குவீலர் என்னும் பேச்சாளப் பன்றி விளக்கம் சொல்ல வருகிறது. எங்களுக்கு இவை பிடிக்கவே பிடிக்காது, ஆனால் மூளையால் உழைக்கும் எங்களுக்கு இவை மருந்து, நாங்கள் சோர்ந்தால் பழைய முதலாளி திரும்பி வந்துவிடுவார் என்கிறது. பழைய முதலாளியை யாருக்கும் பிடிக்காது. ஆகவே அதற்கு மேல் பேச்சில்லை. அன்று போன பால் ஐந்து வாளிதான். அதைவிட முக்கியமானது, பழைய கொடுமையின் நினைவைப் புதிய சலுகைக்குக் காவலாக நிறுத்தலாம் என்பதைப் பன்றிகள் அன்று கற்றுக்கொண்டன. ஜிம்பாப்வேயைப் பற்றிப் பேசும்போது இந்தப் பால் வாளியை மறந்துவிட வேண்டாம்.

இனி அந்தச் சுவர். பன்றிகள் வீட்டுக்குள் போய்க் கட்டிலில் படுக்கத் தொடங்கியதும் க்ளோவர் என்னும் பெண் குதிரைக்குச் சந்தேகம் வருகிறது. கட்டில் கூடாது என்று ஒரு கட்டளை இருந்ததே என்று சுவருக்குப் போகிறது. ஆனால் அதற்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது. மூரியல் என்னும் வெள்ளாட்டை அழைத்து வாசிக்கச் சொல்கிறது. வெள்ளாடு வாசிக்கிறது: விரிப்போடு கூடிய கட்டில்தான் கூடாதாம். கொலைகளுக்குப் பிறகு மறுபடியும் வாசிக்கிறது: காரணமின்றிக் கொல்வதுதான் கூடாதாம். ஒவ்வொரு கட்டளையும் அப்படியே இருக்கிறது, கூட ஓரிரு சொற்கள் மட்டும் முளைத்திருக்கின்றன. சட்டத்தைக் கிழித்துப் போடுகிறவர்களைவிட, சட்டத்தில் ஒரு சொல் சேர்க்கிறவர்கள் ஆபத்தானவர்கள் என்பதை இதைவிட எளிமையாக யாரும் காட்டியதில்லை.

வாசிக்கத் தெரிந்த இன்னொரு விலங்கும் உண்டு. பெஞ்சமின் என்னும் கழுதை. பன்றிகளுக்கு இணையாக வாசிக்கும், ஆனால் வாசிக்காது. வாசிக்கத் தகுந்தது எதுவும் இல்லை என்று இருந்துவிடும். ஆயுள் முழுவதும் உழைத்துத் தேய்ந்த அதன் நண்பன் பாக்சர் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் அது கத்திக்கொண்டு ஓடி வந்து, வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறது. அது மருத்துவமனை வண்டி அல்ல, குதிரைகளை அறுப்பவனின் வண்டி. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

மோசஸ் என்னும் அண்டங்காக்கையைப் பற்றி நம் கூட்டங்களில் அதிகம் பேசுவதில்லை. நம் மோசேயின் பெயரை ஆர்வெல் வேண்டுமென்றே அதற்கு வைத்திருக்கிறார். பழைய முதலாளியின் செல்லப்பிராணி அது. வேலை எதுவும் செய்யாது. மேகங்களுக்கு அப்பால் கற்கண்டு மலை ஒன்று இருக்கிறது, உழைத்துச் சாகிற விலங்குகள் எல்லாம் அங்கே போகும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். புரட்சி வந்ததும் பறந்து போய்விடுகிறது. அப்படி ஒரு மலையே இல்லை என்று பன்றிகள் பாடுபட்டுப் பிரசாரம் செய்கின்றன. சில ஆண்டுகள் கழித்து அது திரும்பி வருகிறது, அதே கதையைச் சொல்கிறது. அது சொல்வது பொய் என்றே பன்றிகள் இப்போதும் சொல்கின்றன. ஆனால் விரட்டவில்லை. வேலை செய்யாமல் இருக்க அனுமதியும், நாள்தோறும் ஒரு சிறு அளவு பீரும் கொடுக்கின்றன!

இந்த இடத்தில் நமக்குக் கோபம் வருவது இயல்பு. விண்ணகம் பொய்யல்ல, நாம் அறிக்கையிடும் நம்பிக்கை கற்கண்டு மலையும் அல்ல. ஆனால் ஆர்வெலின் குத்தல் மலையைப் பற்றியது மட்டுமல்ல. அந்தப் பீரை ஊற்றுவது யார், எதற்காக ஊற்றுகிறார்கள் என்பதே நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பசித்த விலங்குகள் கேள்வி கேட்கத் தொடங்கிய காலத்தில்தான் அண்டங்காக்கைக்கு மறுவாழ்வு கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

அதிகாரத்தின் முன் திருச்சபை அண்டங்காக்கையா, கழுதையா, வெள்ளாடா? ஜிம்பாப்வேயின் வரலாற்றில் மூன்றுமே இருக்கின்றன.

அந்நாடு ரொடீசியா என்ற பெயரில் இயான் ஸ்மித்தின் வெள்ளையர் சிறுபான்மை ஆட்சியில் இருந்தபோது, கத்தோலிக்க நீதி மற்றும் அமைதி ஆணையம் 1970களில் படைகளின் சித்திரவதைகளையும் கொலைகளையும் பதிவு செய்து வெளியிட்டது. உம்டாலி மறைமாவட்ட ஆயர், அயர்லாந்தைச் சேர்ந்த கார்மேல் சபைத் துறவி டோனால் லமான்ட், 1976-ல் அரசுக்குத் திறந்த மடல் எழுதினார். மருந்து கேட்டு மறைப்பணித்தளத்துக்கு வந்த போராளிகளைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவர்மேல் வழக்கு. பத்து ஆண்டு சிறைத்தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, 1977-ல் நாடு கடத்தப்பட்டார். அந்த உம்டாலியின் இன்றைய பெயர்தான் முட்டாரே. 2025-ல் பதவி நீட்டிப்புத் தீர்மானம் நிறைவேறிய அதே நகரம்!

1980 ஏப்ரல் 18 அன்று விடுதலை வந்தது. பிரதமரானவர் ராபர்ட் முகாபே. கூட்டாமா மறைப்பணித்தளத்தில் பிறந்து, இயேசு சபையினரிடம் படித்து, ஆசிரியராகி, வெள்ளையர் ஆட்சியில் பத்து ஆண்டுகள் சிறையில் இருந்தவர். பதவியேற்கும்போது பழிவாங்கல் வேண்டாம், ஒப்புரவு வேண்டும் என்று பேசி உலகை வியக்க வைத்தவர். தொடக்க ஆண்டுகளில் கல்வியிலும் சுகாதாரத்திலும் அந்நாடு கண்ட வளர்ச்சி உண்மையானது. மண்ணின் மக்களிடமிருந்து நிலம் பறிக்கப்பட்டிருந்ததும் உண்மையானது. முகாபேயைப் பிறவிக் கொடுங்கோலராகச் சித்திரிப்பது எளிது, ஆனால் அதில் நமக்குக் கற்க எதுவும் இல்லை. நாம் வளர்த்த பிள்ளை அவர் என்பதை மறைக்கவும் முடியாது.

1983 ஜனவரியில், வட கொரியப் பயிற்சி பெற்ற ஐந்தாம் படைப்பிரிவு மட்டபெலேலாந்துக்கு அனுப்பப்பட்டது. ஆயுதக் கலகக்காரர்களை ஒடுக்குவதாகச் சொல்லி, எதிர்க்கட்சியான ஜாபுவை ஆதரித்த நிடெபெலே மக்களின் சிற்றூர்களில் அது நடத்திய கொலைகளுக்குக் 'குகுராஹுண்டி' என்று பெயர். பருவமழைக்கு முன் வந்து பதரை அடித்துச் செல்லும் மழை என்று ஷோனா மொழியில் பொருள். கொல்லப்பட்டவர்கள் 20,000 பேர் வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1987 டிசம்பரில் இரு கட்சிகளும் ஒப்பந்தம் செய்து இணைந்த பிறகே அது முடிவுக்கு வந்தது.

திருச்சபை என்ன செய்தது? 1983 உயிர்ப்புக் காலத்தில் ஆயர்கள் அறிக்கை வெளியிட்டனர். கொடுமைகளைக் குறிப்பிட்டு, ஒப்புரவுக்கு இன்னும் வழியுண்டு என்றனர். முகாபே அவர்களைக் கடுமையாகச் சாடினார். ஸ்மித்தின் காலத்தில் இதே ஆணையம் எழுதிய அறிக்கைகள் விடுதலைப் போராட்டத்துக்கு வலு சேர்த்தவை. அதே பேனா, அதே ஆணையம், அதே வகைச் சாட்சியங்கள். சுவரை வாசிக்கும் ஆடு எதிராளியின் சுவரை வாசிக்கும் வரைதான் செல்ல ஆடு என்பது தெரிந்துபோயிற்று.

முழுமையான அறிக்கை வர 1997 ஆயிற்று. நீதி மற்றும் அமைதி ஆணையமும் சட்ட உதவி நிறுவனம் ஒன்றும் இணைந்து, கிராமம் கிராமமாகச் சாட்சியங்களைத் திரட்டித் தொகுத்த அந்த ஆவணமே குகுராஹுண்டி பற்றி இன்றும் எல்லாரும் எடுத்துப் பார்க்கும் அடிப்படை நூல். ஆனால் கொலைகளுக்கும் அறிக்கைக்கும் இடையில் பத்து ஆண்டுகளுக்கு மேல். கழுதை வாசித்ததா, ஆடு வாசித்ததா? இரண்டும் ஒன்றின் உடலுக்குள்ளேயே இருந்தன என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அண்டங்காக்கையும் இருந்தது. அறிக்கைக்கு முந்தைய ஆண்டு, 1996 ஆகஸ்டில், கூட்டாமாவில் முகாபேயின் இரண்டாம் திருமணம் மிக ஆடம்பரமாக நடந்தது. முதல் மனைவி சாலி உயிரோடு இருந்தபோதே தொடங்கிய உறவு அது; பிள்ளைகளும் பிறந்திருந்தனர். திருமணத்தை நடத்தி வைத்தவர் ஹராரே பேராயர். திருமணம் என்னும் அருளடையாளத்துக்காக நம் பங்குகளில் எத்தனை ஏழை இணையர்களைத் தாள்களோடு அலைய விடுகிறோம் என்று எண்ணிப் பார்த்தால், அந்நாட்டு மக்கள் அன்று ஏன் முணுமுணுத்தார்கள் என்பது நமக்குப் புரியும். இவற்றை எளிதாகத் தீர்ப்பிட முடியாது என்பதும் உண்மை. 2017 நவம்பரில் இராணுவம் அதிகாரத்தைக் கையில் எடுத்தபோது, முகாபேயிடம் பேசி, இரத்தம் சிந்தாமல் பதவி விலகச் செய்ததில் ஓர் இயேசு சபை அருள்பணியாளருக்கும் பங்கு உண்டு. பல ஆண்டுகள் அவர் முகாபேயின் அருகில் இருந்ததால்தான் அது முடிந்தது. அரியணைக்கு அருகில் இருப்பவர் எல்லாரும் பீருக்காக இருப்பவர் அல்லர்.

பின்னாளில் ஆயர்களின் குரல் தெளிவானது. 2005-ல் நகர்ப்புறக் குடியிருப்புகளை இடித்துத் தள்ளிய நடவடிக்கையில் வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் சுமார் 7,00,000 பேர் என்று ஐ.நா. தூதர் கணக்கிட்டார். விலைவாசி கைமீறிப் போய்க்கொண்டிருந்தது. 2009-ல் நூறு இலட்சம் கோடி டாலர் நோட்டு அச்சிடும் அளவுக்குப் போனது. 2007-ல் புனித வாரத்தில் ஆயர்கள் வெளியிட்ட மேய்ப்புப்பணி மடல், வெள்ளையர் ஆட்சியின் ஒடுக்குமுறைக்கும் அன்றைய ஒடுக்குமுறைக்கும் வேறுபாடு இல்லை, ஆள்கிறவர்களின் நிறம்தான் மாறியிருக்கிறது என்ற பொருளில் பேசியது. கோவில் அறிவிப்புப் பலகைகளில் அது ஒட்டப்பட்டது. 2020 ஆகஸ்டில், முகாபே போய் மனங்காக்வா வந்த பிறகு, ஆயர்கள் மறுபடியும் மடல் எழுதி ஊழலையும் ஒடுக்குமுறையையும் கண்டித்தனர். செய்தித்துறை அமைச்சர், ஹராரே பேராயர் இராபர்ட் இந்துலோவைத் தீய எண்ணம் கொண்டவர் என்று பெயர் சொல்லித் தாக்கினார். மற்ற கிறிஸ்தவ சபைகளும் வழக்கறிஞர்களும் பேராயரின் பக்கம் நின்றனர்.

மனங்காக்வா யார்? குகுராஹுண்டி காலத்தில் முகாபேயின் பாதுகாப்புத் துறை அமைச்சர்.

அந்நாட்டு மக்கள் ஆர்வெலின் கதையை ரஷ்யாவின் கதையாகப் படிப்பதில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 'டெய்லி நியூஸ்' என்னும் ஹராரே நாளிதழ் அதைத் தொடராக வெளியிட்டது. விளக்கக் கட்டுரை எதுவும் தேவைப்படவில்லை. நெப்போலியன் பன்றிக்கு முகாபேயின் கறுப்பு மூக்குக்கண்ணாடியை மாட்டி ஒரு படம் போட்டார்கள், அவ்வளவுதான். அந்த நாளிதழின் அச்சு இயந்திரங்கள் 2001 ஜனவரியில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டன. 2003-ல் நாளிதழே மூடப்பட்டது. 2023-ல் எழுத்தாளர்கள் குழு ஒன்று 'விலங்குப் பண்ணை'யை ஷோனா மொழியில் கொண்டு வந்தது. தலைப்பில் உள்ள 'சிமுரெங்கா' என்னும் சொல் அந்நாட்டு விடுதலைப் போராட்டத்தைக் குறிப்பது. ஆளுங்கட்சி தன் சொத்தாக வைத்திருந்த சொல்லை விலங்குகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்!

அதற்கு முன்பே, 2022-ல், நோவயலட் புலவாயோ என்னும் ஜிம்பாப்வே பெண் எழுத்தாளர் 'குளோரி' என்ற நாவலை எழுதினார். அவ்வாண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. ஜிடாடா என்னும் கற்பனை நாடு, அதை ஆளும் கிழட்டுக் குதிரை, குதிரையை இறக்கிவிட்டு ஏறும் இன்னொரு குதிரை, சீருடை அணிந்த நாய்கள். அதில் மோசஸ் என்னும் பெயரில் ஓர் இறைவாக்கினரும் வருகிறார். ஆனால் இம்முறை அவர் அண்டங்காக்கை அல்ல, பன்றி! ஆர்வெலின் காக்கை பீருக்காகக் கிளையில் உட்கார்ந்திருந்தது. இவர் மேடையிலேயே இருக்கிறார். வளமையை வாக்களிக்கும் புதிய நற்செய்திக் கூட்டங்களும் ஆட்சியாளர்களும் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொள்ளும் காட்சி ஆப்பிரிக்காவில் மட்டும்தான் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நாவலின் உயிர் அந்தக் கிண்டலில் இல்லை. நாட்டை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பும் ஒரு வெள்ளாட்டிலும், குகுராஹுண்டியில் குடும்பத்தை இழந்ததை வாய் திறந்து சொல்லாமலே வாழ்ந்த அதன் தாயிலும் இருக்கிறது. இந்த எழுத்தாளரும் நினைவைச் சுமக்கும் வேலையை வெள்ளாட்டுக்கே கொடுத்திருக்கிறார் என்பதை எதேச்சையானது என்று நம்மால் கொள்ள முடியவில்லை.

உருவகக் கதைகளில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 1954-ல் 'விலங்குப் பண்ணை' கேலிச்சித்திரத் திரைப்படமாக வந்தபோது, அதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்க உளவு நிறுவனம். நூலின் முடிவில் பன்றிகளும் பக்கத்துப் பண்ணை மனிதர்களும் ஒரே மேசையில் சீட்டாடுவார்கள். யார் பன்றி, யார் மனிதர் என்று வெளியே நிற்கும் விலங்குகளுக்கு அடையாளம் தெரியாது. திரைப்படத்தில் மனிதர்கள் காணாமற்போனார்கள். பன்றிகள் மட்டும் கெட்டவை. பக்கத்துப் பண்ணை முதலாளிகளுக்கு எந்தக் குற்றமும் இல்லை! எல்லாருக்கும் கண்ணாடி பிடிக்கும், அது அடுத்தவர் முகத்துக்கு நேராகப் பிடிக்கப்பட்டிருக்கும் வரை. தாவீதிடம் நாத்தான் ஆட்டுக்குட்டிக் கதை சொன்னபோதும் (2 சாமுவேல் 12) அரசர் வேறு யாரையோ நினைத்துத்தான் சீறினார். நாத்தான் கதையோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த மனிதர் யார் என்று அரசரின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருந்தது. மலையுச்சியிலிருந்து சொல்லிவிட்டு ஓடிய யோத்தாமையும் நாம் குறைசொல்லவில்லை. ஒவ்வொருவரும் நின்ற தூரம் வேறு.

முட்டாரே மாநாட்டுக்குத் திரும்புவோம். தான் அரசியல் சட்டத்தை மதிப்பவன், காலம் முடிந்ததும் போய்விடுவேன் என்று மனங்காக்வா பலமுறை சொல்லியிருக்கிறார். கட்சிதான் அவரை விடமாட்டேன் என்கிறதாம். தொடங்கிய வளர்ச்சிப் பணிகளை முடிக்க வேண்டுமாம். ஆப்பிள் எங்களுக்குப் பிடிக்காது, ஆனால் உங்கள் நன்மைக்காகச் சாப்பிடுகிறோம் என்ற அதே விளக்கம்தான். விடுதலைக்குப் போராடிய கட்சி இது, இதை எதிர்ப்பவர்கள் வெள்ளையரின் ஆள்கள் என்ற பேச்சும் கூடவே வருகிறது. இந்தத் தலைமுறை இளைஞர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் ஆட்சிக்குப் பின் பிறந்தவர்கள். பழைய முதலாளியை அவர்கள் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர் திரும்பி வந்துவிடுவார் என்ற பயம் இன்னும் பால் வாளிக்குக் காவல் நிற்கிறது.

2024 ஜூலையில் மனங்காக்வா புலவாயோவில் குகுராஹுண்டி விசாரணைத் திட்டம் ஒன்றைத் தொடங்கி வைத்தார். ஊர்த் தலைவர்களின் முன் மக்கள் தங்கள் கதையைச் சொல்லலாம் என்பது ஏற்பாடு. அதை வரவேற்பவர்கள் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகாவது ஒருவர் காதுகொடுத்துக் கேட்கட்டும் என்கிறார்கள். அன்று பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் அமைத்த விசாரணையில் என்ன உண்மை வரும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இறப்புச் சான்றிதழ் என்னும் ஒரு தாளே இன்னும் பெரிய தேவையாக இருக்கிறது. தந்தை இறந்ததற்கு அத்தாட்சி இல்லாததால் தன் பிறப்புக்கும் அடையாள அட்டைக்கும் அத்தாட்சி பெற முடியாமல் தடுமாறியவர்கள் அந்தப் பகுதியில் பலர்.

மட்டபெலேலாந்தின் தெற்கே பாலாக்வே என்ற இடத்தில் 1984-ல் பெரிய தடுப்பு முகாம் ஒன்று இருந்தது. அங்கே இறந்தவர்களுக்காக அப்பகுதி ஆர்வலர்கள் ஒரு நினைவுப் பலகையை நிறுவினார்கள். 2022 ஜனவரியில் அது வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அதற்கு முன் வைத்த பலகையும் நிலைக்கவில்லை. 1997-ல் ஆணையம் தொகுத்த அறிக்கையில் பாலாக்வேக்குத் தனிப் பகுதி உண்டு. அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் சொன்னபடி முகாமின் கொட்டகைகள், அடிபட்ட முறை, புதைத்த இடம் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. பலகை தகர்க்கப்பட்ட பிறகும் அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கிறவர்களுக்கு, அந்தப் பக்கங்களைத்தான் இன்றும் எடுத்துக் கொடுக்கிறார்கள்.